அட்வான்ஸ்: திரும்புமா, கழியுமா, போகுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"நீங்க பேங்க்ல இருந்தவர், உபயோகமா ஏதாவது அரை மணி நேரம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வட்டி விகிதம், வருமான வரி என்று ஆரம்பித்தால் முன் வரிசையே கொட்டாவி விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்தான், ஆனால் ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்களும் சொல்லும் சொல். அட்வான்ஸ்.

போன ஒரு மாதத்தில் இந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ், சமையல்காரருக்கு அட்வான்ஸ், பெயிண்டருக்கு அட்வான்ஸ், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, "அக்கா, ஐந்நூறு அட்வான்ஸ் குடுங்க, சம்பளத்துல பிடிச்சுக்கோங்க" என்கிறார். பிறந்த நாளுக்கு முந்தின நாளே வாட்ஸ்ஆப்பில் "அட்வான்ஸ் ஹாப்பி பர்த்டே" வந்துவிடுகிறது. பேரன் ஜேஇஇ அட்வான்ஸ்டுக்குப் படிக்கிறான். கம்மவான்பேட்டைப் பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கேட்டால், அட்வான்ஸ் என்றால் படை முன்னேறுவது என்பார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு "அட்வான்ஸ் காப்பி" ஞாபகம் வரும். மேலதிகாரி மேசையில் மனு தூங்கிவிடக் கூடாது என்று ஒரு நகலை நேராக மேலே தட்டிவிடுவார்களே, அது.

வேர் ஒன்றுதான். லத்தீனில் 'அபான்தே' என்றால் முன்னாலிருந்து என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சில் 'அவான்சே', அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நடுவில் இருக்கும் 'ட்' பிறவியிலேயே கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில், இது வேறொரு லத்தீன் முன்னொட்டோடு சேர்ந்த சொல் என்று தப்பாக நினைத்து நுழைத்துவிட்டார்கள். எழுத்தர் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சந்தோஷம். பிழையாகப் பதிந்த ஒரு எழுத்து நானூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் ரிவர்ஸ் பண்ணாமல் நிற்கிறது!

சரி, பணத்துக்கு வருவோம்.

பல வருஷங்களுக்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். சுவரில் ஒரு பலகை தொங்கும். டெபாசிட் இத்தனை கோடி, அட்வான்ஸ் இத்தனை கோடி என்று எழுதியிருக்கும். கச்சாத் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இவ்வளவு அட்வான்ஸ் வாங்கி வச்சிருக்கீங்களே, யாருக்கு என்ன சரக்கு அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார். கவுன்டரில் இருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்தால் அவர் கேட்டது சரியான கேள்வி. அவர் கடையில் அட்வான்ஸ் என்றால் தொழிற்சாலைக்காரர் கொடுத்து இவர் வாங்கியது, சரக்காக இவர் தீர்க்க வேண்டிய பொறுப்பு. வங்கியில் அட்வான்ஸ் என்றால் நாங்கள் கொடுத்த கடன், எங்களுக்கு வர வேண்டிய சொத்து. எந்த வங்கியின் பேலன்ஸ் ஷீட்டையும் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் அட்டவணையில் உங்கள் டெபாசிட் பொறுப்புப் பக்கம் இருக்கும். ஒன்பதாம் அட்டவணை, அட்வான்ஸ், சொத்துப் பக்கம் இருக்கும். ஒரே சொல்தான். மேசைக்கு அந்தப் பக்கம் போனால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது.

நம் சங்கக் கணக்கிலேயே இது இருக்கிறது. சிலர் வருஷம் முழுவதற்கும் பராமரிப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறீர்கள். அது சங்கத்துக்கு வந்த வருமானம் அல்ல, வரவேண்டிய மாதங்கள் வரும்வரை சங்கம் உங்களுக்குப் பட்டிருக்கும் பொறுப்பு. லிப்ட் பராமரிப்புக்காரருக்குச் சங்கம் முன்கூட்டிக் கொடுத்தது சங்கத்தின் சொத்து. "கையில் இவ்வளவு இருக்கே, கட்டணத்தைக் குறைக்கலாமே" என்று பொதுக்குழுவில் கேள்வி வரும்போது, அந்தக் கையிருப்பில் எவ்வளவு அடுத்த மாதங்களுக்கான பணம் என்று முதலில் பாருங்கள்.

தோல் வியாபாரத்தில் இந்தச் சொல் போகும் தூரம் வேறு எங்கும் போவதில்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஷூவுக்கு ஆர்டர் வரும். அதைக் காட்டி ஏற்றுமதியாளர் வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்குவார். சரக்கு கப்பலேறும் முன்பே கிடைக்கும் அட்வான்ஸ் அது. அதிலிருந்து சென்னை பெரியமேட்டில் இருக்கும் தோல் மண்டிக்காரருக்கு அட்வான்ஸ் போகும். மண்டிக்காரர் ஊர் ஊராகத் தோல் சேகரிக்கும் ஆட்களுக்குக் கொடுப்பார். அவர்கள் கறிக்கடைக்காரருக்குக் கொடுத்து வைப்பார்கள். ஆடு எங்கேயோ வேலியோரம் மேய்ந்துகொண்டிருக்கும். அதன் தோல்மேல் அதற்குள் நாலு அட்வான்ஸ் ஏறியிருக்கும்! பக்ரீத் முடிந்த கையோடு தோல் மொத்தமாக வந்து குவியும், கெடுவதற்குள் உப்புப் போட்டு எடுத்தாக வேண்டும். அந்த வாரம் வங்கியில் கூட்டத்தைச் சமாளித்தவர்களுக்குத்தான் தெரியும். இதே வியாபாரத்தில் 'ரெட் கிளாஸ்' கடன் கடிதம் என்று ஒன்று உண்டு. சரக்கு அனுப்பும் முன்பே ஏற்றுமதியாளருக்கு முன்பணம் கொடுக்கலாம் என்ற வரியை அந்தக் காலத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள், அதனால் அந்தப் பெயர். ஏற்றுமதிக்கான மூலப் பொருளை இறக்குமதி வரி கட்டாமல் கொண்டுவர அரசாங்கம் கொடுக்கும் அனுமதிக்கும் 'அட்வான்ஸ் ஆதரைசேஷன்' என்றுதான் பெயர். அதில் பணமே கைமாறுவதில்லை.

இவ்வளவு சொன்னது எதற்கு என்றால், இந்த வியாபாரிகளுக்கு ஒவ்வொரு அட்வான்ஸும் எந்த வகை என்று தெளிவாகத் தெரியும். குடும்பஸ்தர்களான நமக்குத்தான் தெரிவதில்லை. என் அனுபவத்தில் நாம் கொடுக்கும் அட்வான்ஸ் மூன்றே வகை: திரும்பி வரும் பணம், விலையில் கழியும் பணம், பேச்சு மாறினால் போகும் பணம். தமிழில் இவற்றுக்குத் தனித்தனியாகப் பெயர் இருந்தது. திரும்ப வேண்டியது பிணைத்தொகை. கழிவது முன்பணம். பேரம் முடிந்ததற்கு அடையாளமாகக் கொடுப்பது அச்சாரம். "அச்சாரம் போட்டாச்சு" என்றால் பின்வாங்கக் கூடாது என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் டெபாசிட், எர்னஸ்ட் மணி என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் நம் சொற்களையும் விட்டு, அவர்கள் சொற்களையும் விட்டு, எல்லாவற்றையும் 'அட்வான்ஸ்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறோம். சண்டை வரும்போதுதான் டப்பாவைத் திறந்து பார்க்கிறோம்.

முதலில் வாடகை வீட்டு அட்வான்ஸ். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், மீதியில் பலர் வாடகைக்கு இருக்கிறீர்கள். ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை. தமிழ்நாட்டில் 2017-ல் புதிய வாடகைச் சட்டம் வந்தது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டம் இதை அட்வான்ஸ் என்று சொல்வதே இல்லை, பிணைத்தொகை என்ற பொருளில்தான் சொல்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. குடியிருப்பவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற அந்தச் சின்ன வரியைக் கவனியுங்கள். சென்னையில் பத்து மாத வாடகை வாங்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

என் தங்கை மகன் வேறு ஊரில் மூன்று வருஷம் ஒரு வீட்டில் இருந்துவிட்டுக் காலி செய்தான். வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். மீதியைக் கேட்டதற்கு, "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தர்றேன்" என்றார். இந்தப் பதில் நம் வளாகத்திலும் கேட்ட பதில்தான். வீட்டுக்காரர்களே, கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அந்தப் பணம் உங்கள் வருமானம் அல்ல. ஒருவர் உங்களிடம் நம்பி ஒப்படைத்தது. அதை எடுத்துச் செலவழித்துவிட்டு, அடுத்தவர் பணத்தில் முந்தினவருக்குக் கொடுப்பதை நான் வங்கியில் செய்திருந்தால் எனக்கு பென்ஷனே வந்திருக்காது. அந்தத் தொகையைத் தனி வைப்பாகப் போட்டு வையுங்கள். வட்டி உங்களுக்குத்தானே. குடியிருப்போரே, உங்களுக்கும் ஒன்று: "கடைசி மூணு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று நீங்களாகவே முடிவு செய்துவிடுகிறீர்கள். அது திரும்பும் பணம், கழியும் பணம் அல்ல. வீட்டில் குழாய் உடைந்திருந்தால் அவர் எதைப் பிடிப்பார்?

அடுத்தது வீடு, மனை வாங்கும்போது கொடுப்பது. பெரிய பணம் போவது இங்கேதான். இப்போது 'டோக்கன் அட்வான்ஸ்' என்று ஒரு புதுப் பெயர் வேறு. உச்ச நீதிமன்றம் 2012-ல் சதீஷ் பத்ரா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு உறுதியாகக் கொடுத்த அச்சாரப் பணம் என்றால், வாங்குபவர் பின்வாங்கும்போது விற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்தது என்றால் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அப்படியானால் நீங்கள் கொடுத்த 2 லட்சம் எந்த வகை? ரசீதில் வெறுமனே 'அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தால் இரண்டு வக்கீல்களுக்கு நல்ல வேலை. 'மொத்த விலையில் ஒரு பகுதி' என்றோ, 'வாங்குபவர் பின்வாங்கினால் திருப்பித் தரப்படாது' என்றோ எழுதியிருந்தால் சண்டைக்கே இடமில்லை. கிரைய ஒப்பந்தத்தை 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்தால் போதாது.

புது அடுக்குமாடி வீடு பதிவு செய்கிறவர்களுக்கு ரெரா சட்டம் ஒரு நல்ல காவல் கொடுத்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் முன், வீட்டு விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. அதற்கு அவர் அட்வான்ஸ் என்று பெயர் வைத்தாலும் சரி, விண்ணப்பக் கட்டணம் என்று வைத்தாலும் சரி. "இன்னைக்கே முப்பது சதவீதம் போட்டா இந்த ரேட்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய வீட்டை விற்கப் போகும் மூத்தவர்களுக்கு இன்னொன்று. நிலம், வீடு விற்பதற்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இது 2015 ஜூன் 1 முதல் இருக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகைக்குச் சமமாக. "மஞ்சப் பையில கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால வெச்சார், மறுக்க முடியல" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சாமி படத்துக்கு முன் ஒரு ரூபாய் வைக்கச் சொல்லுங்கள். மீதி வங்கி வழியாக வரட்டும்.

வருமான வரியில் 'அட்வான்ஸ் டாக்ஸ்' என்பது ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளுக்குள் தவணையாகக் கட்டுவது. அறுபது முடிந்து, தொழில் வருமானம் இல்லாதவர்கள் அதைக் கட்ட வேண்டியதில்லை. பென்ஷனும் வைப்பு வட்டியும் மட்டும் வாங்குகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இனி நான் சொல்லப்போவது நம் வீட்டு வாசலுக்குள் வராது என்று நினைக்காதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் நண்பர்கள் முன்பணத்தை 'பேஷ்கி' என்பார்கள். வெகு சாதாரணமான சொல். ஆனால் பாகிஸ்தானில் செங்கல் சூளைகளில் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கட்டிவைக்கும் வழக்கத்துக்கே 'பேஷ்கி முறை' என்றுதான் பெயர். நம் நாட்டின் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதில் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் பிரிவில் முதலில் விளக்கப்படும் சொல் எது தெரியுமா? அட்வான்ஸ். ரொக்கமாகவோ பொருளாகவோ ஒருவர் மற்றவருக்கு முன்கூட்டிக் கொடுப்பது என்று அதற்கு விளக்கம். அந்த முன்பணத்துக்காக ஒருவர் சம்பளமில்லாமலோ, பேருக்கு ஒரு சம்பளத்துக்கோ வேலை செய்தாக வேண்டும், வேறு இடம் போகக் கூடாது என்றால், அது கொத்தடிமை. அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பையே சட்டம் ரத்து செய்துவிட்டது.

எங்கேயோ நடந்ததல்ல. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு பகுதியினர் அப்போது நம் மாவட்டத்தில் இருந்த நெமிலி வட்டத்தில் இருந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது, பலர் பார்த்திருப்பீர்கள். அவர் வாங்கியிருந்தது ஆயிரம் ரூபாய் என்று செய்திகள் சொல்லின. ஆயிரம்! அதற்கு முன், வட ஆற்காட்டில் பீடிக்காரர்களிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் குழந்தைகள் உட்கார்ந்து பீடி சுற்றியதை ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 1996-ல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

நாம் யாரையும் அப்படி வைத்திருக்கவில்லைதான். ஆனாலும் வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக 10,000 கொடுத்துவிட்டு, "பணம் தீர்ற வரைக்கும் வேற வீட்டுக்குப் போகக் கூடாது" என்று சொல்லிவிடுகிறோம். காவலாளி ஊருக்குப் போகக் கேட்டால், "அட்வான்ஸ் வாங்கினியே" என்கிறோம். அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். கொடுத்தது கடன், மாதம் இவ்வளவு பிடிப்போம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி, அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். அரசாங்கம் தன் ஊழியருக்குப் பண்டிகை முன்பணம் கொடுக்கிறது, வட்டியில்லாமல் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறது. அதற்காக அவரை யாரும் கட்டிப்போடுவதில்லை. நம் சங்க ஊழியர்களுக்கும் அப்படி ஒரு முறை வைக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக, பணமே இல்லாத ஒரு அட்வான்ஸ். வேலூரில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? மீளவே முடியாத நிலையில், பேச்சும் நினைவும் இல்லாமல் படுத்திருக்கும்போது, எனக்கு வென்டிலேட்டர் வேண்டும், வேண்டாம் என்று நாம் நன்றாக இருக்கும்போதே எழுதி வைப்பதற்குப் பெயர் 'அட்வான்ஸ் மெடிக்கல் டைரக்டிவ்'. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டும் என்று இருந்ததால் யாரும் போகவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நமக்காக முடிவு சொல்லக்கூடியவர் யார் என்றும் அதில் பெயர் எழுதலாம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

இதை வீட்டில் எடுத்தால், "நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு இது" என்பார்கள். என் வீட்டம்மாவும் அப்படித்தான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கும் ஒண்ணு எழுதுங்க" என்றாள். இரண்டும் பீரோவில் எல்ஐசி பத்திரங்களுக்கு மேலே இருக்கின்றன. மகனுக்கும் மகளுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறோம். எழுதிவிட்டு லாக்கரில் பூட்டி வைக்காதீர்கள். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வரும்போது லாக்கர் சாவியை யார் தேடுவது?

சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழு வரை சங்க அறையில் இருப்பேன். வாடகை ஒப்பந்தமோ, மனைக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீதோ இருந்தால் எடுத்து வாருங்கள், அதில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். நான் வக்கீல் அல்ல. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ரசீது படித்தவன்.